சேர்ந்து வண்டி ஓட்டினால் நட்பு வந்துவிடுமா? ஒரு பழைய ராணுவ டி.ஆர். எழுதும் பதில்கள்

ஜூன் 29, 2024. முதலியார்பேட்டை வாசகர் ஒருவரின் கேள்வி

ஐயா, நீங்கள் ராணுவத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் என்று கேள்விப்பட்டேன். நாங்கள் ஒரு குழுவாக ஞாயிறுதோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் வரை புல்லட்டில் போய் வருகிறோம். பட்டாளத்து நட்புக்கு ஈடில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எங்கள் நட்பும் அதே வகைதான் என்பது என் வாதம். சேர்ந்து வண்டி ஓட்டினால் மனிதர்கள் நெருங்கிவிடுவார்கள், அதற்குச் சீருடை எதற்கு?

ஜூன் 30, காலை

வண்டி ஓட்டும்போது யாரும் யாரோடும் நெருங்குவதில்லை. தலைக்கவசத்துக்குள் ஓர் ஆள்தான் இருக்கிறார். முன்னால் போகிறவரின் பின்விளக்கும் காதில் இரைச்சலும்தான் அவருக்குத் துணை. நீங்கள் கூட்டமாக மரக்காணம் போய் வந்தால், தனித்தனி ஆட்கள் ஒரே சாலையில் போய் வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இறங்கியபின் கடையில் பரோட்டா தின்றுகொண்டு பேசுவதுதான் நட்பு என்றால் அதற்குப் பஸ்ஸிலேயே போகலாம்.

ஜூன் 30, இரவு

காலையில் ரேஷன் கடைக்குப் போகும் அவசரத்தில் எழுதியது. இப்போது கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

நான் ராணுவத்தின் தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் படைப்பிரிவில் டி.ஆர்., அதாவது டெஸ்பாட்ச் ரைடர். உத்தரவு, வரைபடம், கடிதம் எதைக் கொடுத்தாலும் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும், உரியவரிடம் சேர்த்துக் கையெழுத்து வாங்கித் திரும்ப வேண்டும். வயர்லெஸ் இருக்கும்போது இது எதற்கு என்று எல்லோரும் கேட்பார்கள். படைகள் எல்லைக்கு நகரும் நாட்களில் வயர்லெஸ்ஸின் வாயை மூடிவிடுவார்கள். காற்றில் போவதை எதிரியும் கேட்பான். என்ன பேசுகிறார்கள் என்பது புரியாவிட்டாலும் எந்தத் திசையிலிருந்து பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவான். புல்லட்டில் போகிற காகிதத்தை அப்படி ஒட்டுக்கேட்க முடியாது.

பயிற்சி ஜபல்பூரில். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பாவின் சைக்கிளைத் தவிர வேறு வண்டியைத் தொட்டிராத எனக்கு முதல் மோட்டார் சைக்கிளே புல்லட்தான். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கிளப்புவது தனிக் கலை. ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, எஞ்சினுக்குள் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷர் நெம்புகோலைப் பிடித்து இன்னும் சற்று இறக்கி, கையை விட்டுவிட்டு ஒரே மிதி. அவசரப்பட்டால் திருப்பி உதைக்கும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் அதைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்ததில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார். உதை வாங்கியவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குதிக்கும்போது, "உனக்குப் பாடம் முடிந்தது, அடுத்தவன் வா" என்பார்.

குடியரசு நாள் அணிவகுப்பில் புல்லட்டுகளின் மேல் மனிதப் பிரமிடு கட்டி வருகிற சிக்னல்ஸின் டேர்டெவில்ஸ் குழுவுக்கும் ஜபல்பூர்தான் வீடு. அவர்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்திருக்கிறோம். தொலைக்காட்சியில் ஏறுவதை மட்டும்தான் காட்டுகிறார்கள். நாங்கள் பார்த்ததில் விழுவதே அதிகம்.

ஜூலை 1

ஒரே புல்லட்டில் 58 பேர் போனார்களே, அவர்கள் நெருங்கவில்லையா என்று பண்ருட்டி வாசகர் மடக்குகிறார். அது சிக்னல்ஸ் இல்லை ஐயா. ராணுவ சேவைப் படையின் டார்னடோஸ் குழு. 2017 நவம்பரில் பெங்களூரு எலகங்கா விமானப்படைத் தளத்தில், 500 சிசி வண்டியில், 1,200 மீட்டர் தூரம். நெருக்கம் என்றால் அதுதான் நெருக்கம், மறுக்கவில்லை. இறங்கிய பிறகும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தால் நண்பர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜூலை 3

முதலியார்பேட்டைத் தம்பி விடுவதாக இல்லை. "நீங்கள் தனியாக ஓட்டினீர்கள், அதனால்தான் அப்படிச் சொல்கிறீர்கள்" என்கிறார். பாதி சரி. என் பேச்சு விளங்க வேண்டுமானால் கஞ்சாம்காரனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். ஒடிசாவில் கஞ்சாம் மாவட்டத்தைச் சேர்ந்தவன், அது போதும்.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் நடந்தது. அதற்குப்பின் மேற்கு எல்லை முழுவதும் படைகள் நகர்ந்தன. ஆபரேஷன் பராக்ரம் என்று பெயர். 2002 அக்டோபர் வரை நீடித்தது. எங்கள் யூனிட் ராஜஸ்தான் மணலில் கிடந்தது. ஒரு புல்லட்டுக்கு இரண்டு டி.ஆர். என்று பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு ஜோடியாக வந்தவன் அவன்.

எனக்கு அவனைப் பிடிக்கவில்லை. காரணம் செயின். அவனுக்குச் செயின் என்றால் எண்ணெய் சொட்ட வேண்டும். மணலில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? பொடி மணல் முழுவதும் அதில் அப்பிக்கொண்டு செயினையும் பல்சக்கரத்தையும் அரைத்துத் தின்றுவிடும். நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக் காயவைத்து வண்டியை ஒப்படைப்பேன். அவன் அடுத்த முறை எண்ணெயில் குளிப்பாட்டி என்னிடம் திருப்பித் தருவான். ஹவில்தாரிடம் இருவருமே புகார் செய்தோம். அவர் எங்கள் இருவருக்கும் சேர்த்து ரகடா, அதாவது உடலை வாட்டும் தண்டனை, கொடுத்தார். முட்டியால் மணலில் ஊர்ந்துகொண்டே நாங்கள் செயினைப் பற்றித்தான் சண்டை போட்டோம், இருவருக்குமே அரைகுறையாக வந்த இந்தியில்.

உங்கள் குழுவில் பிடிக்காதவன் இருந்தால் அடுத்த ஞாயிறு கூப்பிடாமல் விட்டுவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

ஜூலை 5, இரவு

மணலில் எப்படி ஓட்டினீர்கள் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். டயரில் காற்றைக் குறைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரை விடக் கூடாது, முன் பிரேக்கைத் தொடக் கூடாது. ஹேண்டில் தானாக ஆடும், இரும்புப் பிடியாகப் பிடித்து நேராக்கப் பார்த்தால் கவிழ்த்துவிடும். விழுந்தால் 160 கிலோவுக்குக் குறையாத இரும்பைத் தனியாகத் தூக்கி நிறுத்த வேண்டும். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஜனவரி மாத இரவு. பாலைவனத்தில் பகல் சூட்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், அந்த இரவுக் குளிரைக் கடலூர்க்காரனுக்கு விளக்க முடியாது. தொலைவாகப் போக வேண்டிய பை என்பதால் அன்று இருவரையும் சேர்த்து அனுப்பினார்கள். நான் ஓட்ட, அவன் பின்னால். பாதி வழியில் வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கில் பொறி இல்லை. அப்படியென்றால் கோளாறு பாயிண்ட்டில், பொறி வருவதற்காக மின்சாரத்தை விட்டு விட்டு வெட்டும் இடத்தில். மூடியைக் கழற்றிப் பார்க்க வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் காட்டக் கூடாது என்பது உத்தரவு.

கஞ்சாம்காரன் கம்பளியை உதறி வண்டி மேலும் எங்கள் தலை மேலும் போர்த்தினான். உள்ளே டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டான். எஞ்சின் சூடு, பெட்ரோல் நெடி, இரண்டு பேரின் மூச்சு. வெளியே பல் கிட்டும் குளிர், உள்ளே வியர்வை. பாயிண்ட்டின் இரண்டு முனைகளும் கருகிப் பொரிந்திருந்தன. உப்புத்தாள் துண்டை மடித்து நடுவில் நுழைத்து இழுத்தேன். என் விரல் விறைத்துப் போயிருந்தது. திருகு கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. அவன் டார்ச்சைத் துப்பிவிட்டு ஒடியாவில் ஏதோ திட்டினான். பொருள் புரியவில்லை, மரியாதையான வார்த்தை இல்லை என்பது மட்டும் புரிந்தது. பிறகு மணலைக் கைப்பிடி கைப்பிடியாக அள்ளித் தன் தொப்பியில் கொட்டிச் சலித்தான். திருகு கிடைத்தது. முனைகளின் இடைவெளியை அளந்து வைக்கத் தகடு இல்லை, கண் மதிப்பில் வைத்தோம்.

அந்தக் கம்பளிக்குள்தான் அவன் தங்கையின் கல்யாணம் கடனால் நின்றுபோனதைச் சொன்னான். ஏன் அப்போது சொன்னான் என்று கேட்டால், இருட்டில் இரண்டு பேர் கையும் ஒரு வேலையில் இருந்தது, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பையைக் கொண்டுசேர்த்த இடத்தில் சென்ட்ரி, "தம்! கோன் ஆதா ஹை?" என்று துப்பாக்கியை நீட்டினான். எங்கள் முகம் முழுக்கக் கரி. அடையாளச் சொல்லைச் சொன்ன பிறகும் அவன் நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஜூலை 7

பட்டாளத்துப் புல்லட்டுக்குத் தனி எஞ்சின் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நாங்கள் ஓட்டியதும் கடையில் விற்ற அதே 346 சிசி எஞ்சின்தான். சுதந்திரத்துக்குப்பின் ராணுவம் எல்லைக் காவலுக்கு வண்டி தேடியபோது இங்கிலாந்தின் ரெட்டிச்சில் செய்த புல்லட்டை மெட்ராஸ் மோட்டார்ஸ் வழியாக வாங்கியது. அதன் தொடர்ச்சியாகத்தான் 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனமும், அடுத்துத் திருவொற்றியூர்த் தொழிற்சாலையும் வந்தன. ஆக, பட்டாளம் கேட்டதால் நமக்கு வந்த வண்டி அது. பட்டாளத்துக்கு மட்டும் ரகசியமாகச் செய்தது எதுவும் இல்லை.

வித்தியாசம் நம்பர் பிளேட்டில் இருக்கிறது. மேல்நோக்கிய அம்புக்குறி, அதன்பின் வாங்கிய ஆண்டின் இரண்டு இலக்கம். வண்ணமும் அப்படியே. அந்த ஆலிவ் பச்சையைப் பாதுகாப்புத் துறை வண்டிகள் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பச்சை அடித்து, நட்சத்திரம் ஒட்டி, சைலன்சரை ஓட்டை போட்டு உறுமவிடும் பிள்ளைகள் கவனிக்க. பட்டாளத்தில் அப்படிச் சத்தம் போட்டிருந்தால் வண்டியைத் தலையில் சுமக்க வைத்திருப்பார்கள்.

ஜூலை 14, இரவு

இன்று பிரெஞ்சுத் தேசிய நாள். கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தருகே மலர் வளையம் வைப்பதைப் பார்க்கப் போயிருந்தேன். முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்த நம் ஊர் ஆட்களுக்காக 1938இல் திறந்த இடம். மார்பில் பதக்கங்களோடு பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த நம் ஊர்க்காரர்கள், வருவார்கள். ஆண்டுக்கு ஆண்டு தலைகள் குறைகின்றன.

அவர்களில் ஒரு பெரியவர், வயது எண்பத்தைந்தைத் தாண்டியவர், அல்ஜீரியாவில் லாரி ஓட்டியவர். நான் இந்திய ராணுவம் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு கொடி, வேறு பென்ஷன், ஆனால் பேச்சு எங்கே போயிற்று தெரியுமா? அவர் லாரியின் கார்புரேட்டருக்கு. அங்கேயும் மணல், அங்கேயும் அடைப்பு. உடன் ஓட்டியவர் மர்செய் பக்கத்து ஆள், இருவரும் முதலில் கைகலக்கும் அளவுக்குச் சண்டை போட்டவர்களாம். "எதற்கு?" என்றேன். "அவன் காற்று வடிகட்டியைத் தட்டவே மாட்டான்" என்றார், அறுபது வருடக் கோபத்தோடு.

தம்பிக்கு இதைத் தனியாக அனுப்பலாம் என்று நினைத்தேன். இங்கேயே இருக்கட்டும்.

ஜூலை 16

சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லையே என்று நெல்லிக்குப்பத்து அம்மா ஒருவர். லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையற்கூடத்தில், ரொட்டிதான் பிரதானம், சோறு பேருக்கு. 2002 கோடையில் வெயில் 45 டிகிரியைத் தாண்டிய நாட்களில் கஞ்சாம்காரன் இரவுச் சோற்றைச் சாப்பிடாமல் மெஸ் டின்னில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தான். காலையில் வெங்காயமும் பச்சை மிளகாயும் உப்பும் போட்டுக் கரைத்தான். அவர்கள் ஊரில் பகாளா என்பார்கள். நம் வீட்டுப் பழைய சோறேதான். ஒரு வாய் குடித்துவிட்டு, இவ்வளவு நாள் இந்த ஆளோடா சண்டை போட்டோம் என்று இருந்தது. ரொட்டி தின்னும் ஊர்க்காரர்கள் எங்கள் இருவரையும் நோயாளிகளைப் போலப் பார்த்தார்கள். அதன்பின் சோற்றுக்காகச் சமையல்காரரிடம் இருவரும் கூட்டாகக் கெஞ்சினோம். செயின் விஷயத்தில் மட்டும் சமாதானம் வரவில்லை.

இன்னொரு சண்டையும் இருந்தது. எவன் ஊர்க் கடல் முரட்டுக் கடல் என்று. தேவனாம்பட்டினமா, கோபால்பூரா? கண்ணுக்கெட்டியவரை தண்ணீரே இல்லாத இடத்தில் மணிக்கணக்காக அதைப் பேசியிருக்கிறோம்.

ஜூலை 21

பென்ஷன் வாங்கி வந்தபின் அந்த நட்பெல்லாம் என்ன ஆயிற்று என்று சிதம்பரம் வாசகர் கேட்டிருக்கிறார். பெரும்பாலானது போயிற்று. மறைக்க ஒன்றுமில்லை. டிரங்குப் பெட்டியில் விலாச நோட்டு இருந்தது, கரையான் தின்றது. யூனிட் ஆட்கள் பின்னால் வாட்ஸ்அப் குழு தொடங்கினார்கள். விடிந்தால் ரோஜாப்பூவும் காலை வணக்கமும். ஒரே கூடாரத்தில் படுத்தவர்களுக்குள் இப்போது பேச ரோஜாப்பூ தவிர ஒன்றுமில்லை என்றால், அங்கே எங்களை ஒட்டவைத்தது வேலை, அதற்கு மேல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கஞ்சாம்காரன் அந்தக் குழுவில் இல்லை. ஆனால் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதே, நினைவிருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் தெருவில் மின்சாரமும் இல்லை, போனும் இல்லை. தபால் மீண்டும் வரத் தொடங்கியபோது எனக்கு ஒரு மணியார்டர் வந்தது. ஐந்நூறு ரூபாய். செய்தி எழுதும் துண்டில் இந்தியில் ஒரே வரி: "கடல் பந்தயத்தில் நீ ஜெயித்தாய், கூரை போட்டுக்கொள்."

எனக்குக் கோபம்தான் வந்தது. பென்ஷன்காரனுக்குப் பென்ஷன்காரன் தர்மம் செய்வதா? வாங்கமாட்டேன் என்றேன். தபால்காரர், "சார், நான் சைக்கிளை மரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். போட்டேன்.

ஜூலை 22

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பலர் உருகி எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் கோபால்பூர் அருகே கரையேறியது. அன்று பகலெல்லாம் முயன்று அவனைப் போனில் பிடித்தேன். "ஆட்களை ஏற்றி முகாமுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன், உனக்கு வேலை இல்லையா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். ஒடிசாவில் அந்த முறை பல லட்சம் பேரைக் கரையோரத்திலிருந்து முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால்தான் உயிர்ச்சேதம் குறைந்தது. அவன் என்னோடு பேசிக்கொண்டிருக்க நேரமில்லைதான். இருந்தாலும் அப்படியா போனை வைப்பது?

ஜூலை 28

பெயர் வெளியிட வேண்டாம் என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகன் அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறான். நான்கு ஆண்டுதான், அதன்பின் நூற்றுக்கு 25 பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள், அதற்குள் என்ன நட்பு வரப்போகிறது, பக்கத்துப் படுக்கைக்காரனே போட்டியாளன் ஆயிற்றே என்று.

அம்மா, என் காலத்தில் பதினைந்து ஆண்டு முடித்தால் பென்ஷன் உறுதி. ஒருவன் நன்றாக ஓட்டினால் இன்னொருவன் வீட்டுக்குப் போக வேண்டிய நிலை இல்லை. பதவி உயர்வுக்குப் பொறாமை இருந்தது, ஆனால் சோற்றுக்கே பங்கம் என்ற பயம் இல்லை. அதனால் என் அனுபவத்தை அப்படியே எடுத்து உங்கள் பையனுக்கு அளக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். நானும் கஞ்சாம்காரனும் ஒரு வண்டியைப் பகிர்ந்தது பராக்ரம் முடியும்வரைதான், ஓர் ஆண்டுகூட இல்லை. மீதிக் காலம் வேறு வேறு யூனிட். நாள் கணக்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். போட்டியைப் பற்றிக் கவலைப்படுவது நியாயம்.

ஆகஸ்ட் 4

முதலியார்பேட்டைத் தம்பி நீண்ட செய்தி அனுப்பியிருக்கிறார். போன ஞாயிறு காலாப்பட்டு தாண்டி அவர் வண்டியின் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டதாம். குழு முன்னே போய்விட்டது. ஒருவர் மட்டும் திரும்பி வந்து, மெக்கானிக் வரும்வரை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் அந்தக் குழுவில் தம்பிக்கு அதிகம் ஒத்துவராத ஆளாம். "இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று சவால்.

என்ன சொல்வது, உங்கள் கேள்விக்கு நீங்களே பதில் கண்டுபிடித்துவிட்டீர்கள். சீருடை வேண்டும் என்று நான் எங்கும் எழுதவில்லை என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன். போகட்டும், கேபிள் அறுந்தால் மெக்கானிக்குக்கா காத்திருப்பது? நியூட்ரலில் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு, வண்டியைத் தள்ளி ஓடவிட்டு, ஏறி உட்கார்ந்து முதல் கியரைத் தட்ட வேண்டும். அடுத்த கியருக்குப் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரு நொடி தளர்த்தித் தட்டினால் கியர் சுலபமாக விழும். நிறுத்தத்தான் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். ஆளில்லாத சாலையில் மட்டும், மெதுவாக. நகரத்துக்குள் செய்தால் அடுத்த சிக்னலில் முன் நிற்கும் காருக்குள் போய்விடுவீர்கள்.

ஆகஸ்ட் 11

கஞ்சாம்காரன் வருகிறான். புவனேசுவரிலிருந்து புதுச்சேரிக்கு வாரம் ஒருமுறை வருகிற ரயிலில் பிரம்மபூரில் ஏறுவதாகச் சொன்னான். தேதி இன்னும் உறுதியாகவில்லை, டிக்கெட் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. ஊரைச் சுற்றிக் காட்டு என்று கேட்கவில்லை. வண்டி இருக்கிறதா என்றுதான் கேட்டான். என்னிடம் இருப்பது மகளின் ஸ்கூட்டர். அதைச் சொன்னதும் மறுமுனையில் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் எரிகிறது.

ஆகவே கடலூர், புதுச்சேரி வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வலது கால் கியர் உள்ள பழைய புல்லட் யாரிடமாவது ஓடும் நிலையில் இருந்தால் இரண்டு நாள் இரவல் தாருங்கள். முள்ளோடைப் பங்கில் டாங்க்கை நிரப்பித் திருப்பித் தருவேன். செயினைத் துடைத்துக் காயவைத்துத் தருவேன். அவன் எண்ணெய் விட்டிருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.